அத்தியாயம் 6: தேதி மாறினால் எவ்வளவு போகும்?

மார்த்தாண்டம் பக்கத்தில் ரயில் டிக்கெட் மாறுவதற்கான காரணம் பெரும்பாலும் டிக்கெட் எடுத்தவர் கையில் இருப்பதில்லை. வேலூரில் டாக்டரைப் பார்க்கக் குறித்த நாள் தள்ளிப்போகும். வளைகுடாவில் இருக்கும் மகனுக்கு லீவு ஒரு வாரம் பிந்தும். அவன் வருகையை ஒட்டிச் சென்னையிலிருந்து வர இருந்த அண்ணன் குடும்பத்தின் டிக்கெட்டும் அதோடு சேர்ந்து நகரும். கல்லூரித் தேர்வு அட்டவணை கடைசி வாரத்தில் மாறும். ரயில்வே இந்தக் காரணங்களில் எதையும் கேட்பதில்லை. வண்டி புறப்பட இன்னும் எத்தனை மணி நேரம், எந்த வகுப்பு, டிக்கெட்டை எங்கே எடுத்தீர்கள் என்ற மூன்றை மட்டும் பார்த்துப் பணத்தைப் பிடித்துக்கொள்ளும்.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாதது. "டேட்டை மட்டும் ஒரு நாள் தள்ளிப் போட்டுத் தாங்கண்ணே" என்று டிராவல்ஸ் கடைகளில் கேட்கிறவர்கள் ஏராளம். செல்போனிலோ கடையிலோ ஐஆர்சிடிசி வழியாக எடுத்த டிக்கெட்டுக்கு அந்த வசதி இருந்ததில்லை. பழையதை ரத்து செய்துவிட்டுப் புதிதாக ஒன்று எடுக்க வேண்டும். ரயில் நிலைய முன்பதிவுக் கவுண்டரில் எழுதிக் கொடுத்து எடுத்த டிக்கெட்டுக்கு அந்த வசதி உண்டு, ஒரே ஒரு முறை. ஆகவே தேதி மாறினால் எவ்வளவு போகும் என்பதை டிக்கெட் எடுக்கும் நாளிலேயே நாம் பாதி முடிவு செய்துவிடுகிறோம். இந்த அத்தியாயம் அந்த நாளைப் பற்றியதுதான்.

2025 அக்டோபரில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ், உறுதியான டிக்கெட்டின் பயணத் தேதியை ரத்துக் கட்டணம் இல்லாமல் ஆன்லைனிலேயே மாற்றும் வசதி 2026 ஜனவரி முதல் வரும் என்று அறிவித்தார். புதிய தேதியில் இடம் இருந்தால்தான் மாற்ற முடியும், கட்டண வித்தியாசம் இருந்தால் கட்ட வேண்டும் என்பது அந்த அறிவிப்பு. எனவே எதையும் ரத்து செய்யும் முன் உங்கள் ஐஆர்சிடிசி கணக்கில் பதிவு செய்த டிக்கெட்டுகள் இருக்கும் பக்கத்தைத் திறந்து, தேதி மாற்றும் பொத்தான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அதுவே மலிவான வழி. இல்லையென்றால் கீழே சொல்வதுதான் வழி. ஒன்றை மறக்க வேண்டாம்: அந்த வசதி வந்தாலும், மாற்றிய தேதியில் உறுதியான படுக்கை கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

செலவு ஏறிய விதம்

இன்றைய ரத்துக் கட்டணங்களின் அடித்தளம் 2015 நவம்பர் 12-இல் நடைமுறைக்கு வந்த விதிகள். அன்று ஒரே நாளில் எல்லாம் இரட்டிப்பாயின. அதற்கு முந்தின நாள் வரை உறுதியான ஸ்லீப்பர் டிக்கெட்டை இரண்டு நாளுக்கு முன்னால் ரத்து செய்தால் ஆளுக்கு 60 ரூபாய். மறுநாள் முதல் 120. தேர்டு ஏசிக்கு 90 ரூபாய் 180 ஆனது, செகண்ட் ஏசிக்கு 100 ரூபாய் 200 ஆனது, ஏசி முதல் வகுப்புக்கு 120 ரூபாய் 240 ஆனது. உட்கார்ந்து போகும் இரண்டாம் வகுப்புக்கு 30 ரூபாய் 60 ஆனது. ஏசி வகுப்புகளில் பிடிக்கும் தொகைக்கு மேல் 5 சதவீதம் ஜிஎஸ்டியும் சேரும். ஸ்லீப்பருக்கு அது இல்லை.

அதன் பிறகு ரத்துக் கட்டணத்தின் பெயரில் இல்லாமல் வேறு பெயர்களில் செலவு ஏறியது. பணமதிப்பு நீக்க காலத்தில் நிறுத்திவைத்திருந்த ஆன்லைன் வசதிக் கட்டணம் 2019 செப்டம்பரில் திரும்ப வந்தது: யுபிஐ மூலம் கட்டினால் ஏசி இல்லாத டிக்கெட்டுக்கு 10 ரூபாய், ஏசிக்கு 20, மற்ற வழிகளில் 15-ம் 30-ம். இதற்கும் ஜிஎஸ்டி தனி. ரத்து செய்தால் இது திரும்பி வராது, புது டிக்கெட்டுக்கு இன்னொரு முறை போகும். 2020 மார்ச்சில் மூத்த குடிமக்கள் சலுகை நின்றது. அறுபது தாண்டிய ஆண்களுக்கு 40 சதவீதமும், 58 தாண்டிய பெண்களுக்கு 50 சதவீதமும் குறைந்திருந்த கட்டணம் இன்று முழுக் கட்டணம். சிகிச்சைக்காக அடிக்கடி ஊர்விட்டு ஊர் போய், அடிக்கடி தேதி மாற்ற வேண்டியவர்கள் இவர்கள்தான். சதவீதக் கணக்கில் பிடிக்கும்போது முழுக் கட்டணத்தின் மீதுதான் பிடிக்கிறார்கள். இந்தச் சலுகையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை.

2025-இல் டிக்கெட் விலையே இரண்டு முறை ஏறியது. ஜூலை 1 முதல் எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஏசி இல்லாத வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 1 பைசாவும் ஏசிக்கு 2 பைசாவும் கூடின. டிசம்பர் 26 முதல் எக்ஸ்பிரஸில் எல்லா வகுப்புக்கும் மேலும் 2 பைசா. முன்பே எடுத்த டிக்கெட்டுக்கு உயர்வு இல்லை என்று சொன்னார்கள். ஆனால் அதை ரத்து செய்து புதிதாக எடுத்தால் புது விலைதான். சென்னை வரைக்கும் உள்ள தூரத்துக்கு இது பெரிய தொகை அல்ல, நான்கு பேர் குடும்பத்துக்குக் கூட்டிப் பார்க்கும்போது தெரியும்.

விலை உயர்வைவிட அதிகமாக நம்மைத் தொட்டது 2024 நவம்பர் 1-இல் வந்த மாற்றம். 120 நாள் முன்னதாக எடுக்கலாம் என்றிருந்ததை 60 நாளாகக் குறைத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்போது அக்டோபர் கடைசியில் ஒரே நாளில் மோதுகிறார்கள். அந்த நாளில் கிடைத்த உறுதியான டிக்கெட்டை டிசம்பரில் ஒரு நாள் தள்ளிவைக்க நினைத்தால், ரத்துக் கட்டணம் 120 ரூபாய் என்பது பேச்சே அல்ல. புதிய தேதியில் வெயிட்டிங் லிஸ்ட் நூறைத் தாண்டியிருக்கும். அப்புறம் கூடுதல் கட்டணத்தில் முந்தின நாள் எடுக்கும் தட்கல், இல்லையென்றால் பண்டிகைக் கால ஆம்னி பஸ். மாற்றும் செலவின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

மணிக் கணக்கு

2015 விதிப்படி, 2025 முடிவு வரை, கணக்கு இப்படிப் போனது. வண்டி புறப்பட 48 மணி நேரத்துக்கு மேல் இருந்தால் மேலே சொன்ன நிலையான தொகை. 48-க்கும் 12-க்கும் இடையில் என்றால் கட்டணத்தில் 25 சதவீதம். 12-க்கும் 4-க்கும் இடையில் 50 சதவீதம். 4 மணி நேரத்துக்குள் ஒன்றும் திரும்பி வராது. இந்த 25, 50 சதவீதங்களுக்கு ஒரு தரை உண்டு: நிலையான தொகைக்குக் கீழே அவை இறங்காது.

அந்தத் தரையைப் புரிந்துகொண்டால் பணத்தை மிச்சப்படுத்தலாம், வீண் அவசரத்தையும் தவிர்க்கலாம். ஸ்லீப்பர் கட்டணம் 480 ரூபாய்க்கு உள்ளே இருந்தால் அதில் 25 சதவீதம் 120-ஐத் தாண்டாது. அதாவது ஐந்து நாள் முன்னால் ரத்து செய்தாலும், 13 மணி நேரம் முன்னால் ரத்து செய்தாலும் போவது அதே 120. டாக்டரின் தகவலுக்கு இன்னும் ஒரு நாள் காத்திருக்கலாமா என்று தவிக்கிறவர்கள், இந்த விதி நடப்பில் இருந்தால், தாராளமாகக் காத்திருக்கலாம். 240 ரூபாய்க்கு உள்ளே உள்ள ஸ்லீப்பர் டிக்கெட்டில் 50 சதவீதம்கூட 120-ஐத் தாண்டாது; எனவே கடைசி எல்லை வரை 120-தான். ஆனால் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 200 ரூபாய் ஸ்லீப்பர் டிக்கெட்டை அந்த எல்லைக்கு முன் எப்போது ரத்து செய்தாலும் 80 ரூபாய்தான் கைக்கு வரும். மதுரை போன்ற குறைந்த தூரத்துக்குப் பகலில் போகிறவர்கள், நாள் உறுதியில்லை என்றால், வண்டியில் இரண்டாம் வகுப்பு இருக்கை முன்பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். அதில் போவது 60 மட்டுமே.

ஏசியில் நிலைமை நேர்மாறு. தேர்டு ஏசி கட்டணம் ஆளுக்கு 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், நான்கு பேர். 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் 720 ரூபாய் போகும். அந்த எல்லையைத் தாண்டிய உடனே 1,200. பன்னிரண்டு மணி நேரத்துக்குள் 2,400. எல்லாவற்றுக்கும் மேல் ஜிஎஸ்டி. இங்கே ஒரு மணி நேரத் தாமதத்துக்கு நூற்றுக்கணக்கில் விலை இருக்கிறது. ஏசி டிக்கெட் எடுத்த அன்றே, வண்டிக்கு மூன்று நாள் முன்பாகச் செல்போனில் ஒரு அலாரம் வைத்துவிடுங்கள். போவது உறுதியா என்று வீட்டில் கேட்டு முடிவெடுக்க வேண்டிய நாள் அது.

4 மணி நேர எல்லையை மட்டும் நம்பிக் காத்திருக்காதீர்கள். இட ஒதுக்கீட்டுப் பட்டியலான முதல் சார்ட்டை 2025 ஜூலை முதல் 8 மணி நேரம் முன்பாகவும், அதே ஆண்டு டிசம்பர் முதல் 10 மணி நேரம் முன்பாகவும் போடும் ஏற்பாடு வந்திருக்கிறது. காலை 5 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் இடையில் புறப்படும் வண்டிக்கு முந்தின இரவு 8 மணிக்கே. சார்ட் போட்ட பிறகு ஆன்லைனில் நேராக ரத்து செய்ய முடியாது, பணத்தைத் திருப்பிக் கேட்கும் டிடிஆர் மனு போட வேண்டியிருக்கும். அதில் பணம் வரும் வேகம் வேறு. அதோடு, நம் ஊர் நடு ஊர். வண்டி கொல்லத்திலோ குருவாயூரிலோ புறப்பட்டு நம்மிடம் வருகிறது. சார்ட்டும் பெரும்பாலும் அங்கே புறப்படும் நேரத்தை ஒட்டியே தயாராகிறது. எந்த எல்லையாக இருந்தாலும் சில மணி நேரம் முன்னாலேயே முடித்துக்கொள்வது நல்லது.

இன்னொரு எச்சரிக்கை. மேலே சொன்னவை 2025 முடிவு வரை வழக்கமான எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு இருந்த கணக்கு. 2026 ஜனவரியில் வந்தே பாரத் ஸ்லீப்பருக்கும் புதிய அம்ரித் பாரத் வண்டிகளுக்கும் இதைவிடக் கடுமையான விதியைக் கொண்டுவந்தார்கள்: 72 மணி நேரத்துக்கு முன்பே ரத்து செய்தாலும் 25 சதவீதம், 72-க்கும் 8-க்கும் இடையில் 50 சதவீதம், 8 மணி நேரத்துக்குள் ஒன்றுமில்லை. நாகர்கோவில்–மங்களூரு அம்ரித் பாரத் நம் பாதையில் ஓடத் தொடங்கியிருக்கிறது. டிக்கெட் எடுக்கும்போது வண்டியின் பெயரையும் பாருங்கள். எல்லைகள் 48-இலிருந்து 72-க்கும் 4-இலிருந்து 8-க்கும் நகர்வதுதான் போக்கு என்று தெரிகிறது. ரத்து செய்யும் பொத்தானை அழுத்தும் முன் எவ்வளவு திரும்பி வரும் என்பதை உறுதி செய்துகொண்டு அழுத்துங்கள்.

குழித்துறைக் கவுண்டர்

மார்த்தாண்டம் என்ற பெயரில் ரயில் நிலையம் கிடையாது, நமக்குக் குழித்துறைதான். 1979-இல் திருவனந்தபுரம்–கன்னியாகுமரி பாதை திறந்த நாளிலிருந்து இந்தப் பகுதியின் வாசல் அது. தேடும்போது குழித்துறை மேற்கு என்ற சிறிய நிலையமும் பட்டியலில் வரும், அதைத் தொடாதீர்கள். அனந்தபுரி, குருவாயூர் எக்ஸ்பிரஸ், பெங்களூருக்குப் போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ், பரசுராம் எல்லாம் குழித்துறை வழியாகப் போகின்றன. கன்னியாகுமரி எக்ஸ்பிரஸும் எழும்பூர் வந்தே பாரத்தும் குழித்துறைக்கு வருவதில்லை, அவற்றுக்கு நாகர்கோவிலில்தான் ஏற வேண்டும்.

தேதி உறுதியில்லாத பயணத்துக்கு இந்தக் கவுண்டரில் டிக்கெட் எடுப்பதே என் பரிந்துரை. காரணம் மேலே சொன்னதுதான். கவுண்டர் டிக்கெட்டைப் புறப்படும் நேரத்துக்கு 48 மணி நேரம் முன்பாகக் கொண்டுபோய்க் கொடுத்தால், அதே ஊருக்கு, முன்னால் ஒரு தேதிக்கோ பின்னால் ஒரு தேதிக்கோ, அதே வண்டியிலோ வேறு வண்டியிலோ, அதே வகுப்பிலோ மேல் வகுப்பிலோ ஒரு முறை மாற்றித் தருவார்கள். உறுதியான டிக்கெட், உட்கார இடம் மட்டும் உறுதியான ஆர்ஏசி, வெயிட்டிங் லிஸ்ட் மூன்றுக்கும் இது பொருந்தும். தட்கலுக்குப் பொருந்தாது. உறுதியான டிக்கெட்டை மாற்ற ஆகும் செலவு புதிய முன்பதிவுக் கட்டணம் மட்டுமே: ஸ்லீப்பருக்கு 20 ரூபாய், தேர்டு ஏசிக்கு 40, செகண்ட் ஏசிக்கு 50. மேல் வகுப்புக்குப் போனால் கட்டண வித்தியாசமும் சேரும். நான்கு பேர் ஸ்லீப்பர் டிக்கெட்டை ஆன்லைனில் ரத்து செய்தால் 480 ரூபாய் போகும், கவுண்டரில் தேதி மாற்றினால் 80 ரூபாய். குழித்துறை ஸ்டேஷனுக்குப் போய்வரும் ஆட்டோக் கூலியைச் சேர்த்தாலும் லாபம்தான்.

இதற்கும் சில நிபந்தனைகள் இருக்கின்றன. மாற்றிய டிக்கெட்டை மறுபடியும் மாற்ற முடியாது. மாற்றிய பிறகு ரத்து செய்தால் பழைய டிக்கெட்டுக்கும் சேர்த்துப் பிடிப்பார்கள். புதிய நாளில் இடம் இல்லையென்றால் வெயிட்டிங் லிஸ்ட்டில் போடுவார்கள். அதை ஏற்பதா என்று கவுண்டரில் நிற்கும்போதே முடிவு செய்ய வேண்டும். ஆகவே வரிசையில் நிற்கும் முன் செல்போனில் அந்தத் தேதியின் நிலவரத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள். வண்டி வெள்ளிக்கிழமை மாலை என்றால் 48 மணி நேரம் புதன்கிழமை மாலையில் முடிகிறது. ஆனால் கவுண்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள் போக வேண்டும். புதன் காலையிலேயே முடித்துவிடுங்கள்.

கவுண்டர் டிக்கெட் தாள் டிக்கெட். தொலைந்தால் சார்ட் போடும் முன் நகல் வாங்க ஸ்லீப்பருக்கு 50 ரூபாய், ஏசிக்கு 100. சார்ட் போட்ட பிறகு என்றால் கட்டணத்தில் பாதி. எடுத்த உடனே படம் எடுத்து வையுங்கள். முன்பதிவுப் படிவத்தில் உங்கள் சொந்தச் செல்போன் எண்ணைத் தெளிவாக எழுதுங்கள். அந்த எண் இருந்தால்தான் அவசரத்தில் கவுண்டர் டிக்கெட்டை ஐஆர்சிடிசி தளத்தில் ஓடிபி போட்டு ரத்து செய்ய முடியும். பணத்தை வாங்க மட்டும் பிறகு கவுண்டருக்குப் போக வேண்டும்.

ரத்து செய்யாமலே தீரும் சிக்கல்கள்

தேதி அப்படியே இருந்து ஏறும் இடம் மட்டும் மாறினால் ரத்து தேவையில்லை. ஏறும் நிலையத்தை ஆன்லைனில் மாற்றலாம், கட்டணம் இல்லை. 24 மணி நேரம் முன்பாகச் செய்துவிடுவது பாதுகாப்பு. வண்டி போகும் திசையில் அடுத்து வரும் நிலையத்துக்குத்தான் மாற்ற வேண்டும். சென்னைக்குப் போகும்போது குழித்துறையில் ஏற எடுத்ததை நாகர்கோவிலுக்கு மாற்றலாம். திரும்பி வரும்போது எழும்பூரைத் தாம்பரத்துக்கு மாற்றலாம். தென்சென்னையில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு இது பெரிய உதவி. மாற்றிய பிறகு பழைய நிலையத்தில் ஏறும் உரிமை போய்விடும். எழும்பூரிலேயே ஏறிக்கொள்ளலாம் என்று மனம் மாறினால் அபராதத்தில் முடியும்.

போகிற ஆள் மாறினாலும் ரத்து தேவையில்லை, ஆனால் உறவு வேண்டும். உறுதியான டிக்கெட்டை அப்பா, அம்மா, அண்ணன் தம்பி, அக்கா தங்கை, மகன், மகள், கணவன், மனைவி ஆகியோரில் ஒருவர் பெயருக்கு ஒரு முறை மாற்றலாம். புறப்படுவதற்கு 24 மணி நேரம் முன்பாக, டிக்கெட் நகல், இருவரின் அடையாள அட்டை, உறவைக் காட்டும் சான்று ஆகியவற்றோடு முன்பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ரேஷன் கார்டு நகல் எடுத்துப் போங்கள். பெரும்பாலும் உறவு அதிலேயே தெரிந்துவிடும். மாமா, சித்தப்பா, மருமகள், மைத்துனன் யாரும் இந்தப் பட்டியலில் இல்லை. கல்யாண கோஷ்டியாகவும் கல்லூரி மாணவர் குழுவாகவும் போகிறவர்களுக்கு 48 மணி நேரம் முன்பு எழுதிக் கொடுத்துப் பெயர் மாற்றும் தனி வழி இருக்கிறது. இதையெல்லாம் விட்டுவிட்டு அடுத்தவர் டிக்கெட்டில் ஏறிப் போவது ரயில்வே சட்டப்படி குற்றம்.

குடும்பத்தில் ஒருவர் மட்டும் வரவில்லை என்றால் அவர் பெயரை மட்டும் ரத்து செய்யலாம். இதைவிட நல்ல உத்தி ஒன்று உண்டு. யார் வருவது சந்தேகமோ அவருக்கு முதலிலேயே தனி பிஎன்ஆரில், அதாவது தனி டிக்கெட்டாக எடுங்கள். தனியாக இருந்தால் அவரது தேதியை மட்டும் கவுண்டரில் மாற்றலாம், மற்றவர்கள் படுக்கை அசையாது. முதியவர்களுக்குக் கிடைத்த கீழ்ப் படுக்கையை இப்படித்தான் காப்பாற்ற முடியும். ஒரு முறை ரத்து செய்த டிக்கெட்டோடு கீழ்ப் படுக்கையும் போய்விடும், புது டிக்கெட்டில் அது கிடைப்பது அதிர்ஷ்டம்.

மேல் வகுப்புக்குப் போக

காசு கொடுக்காமல் மேல் வகுப்பு கிடைக்கும் வழி ஒன்று இருக்கிறது. முன்பதிவு செய்யும்போது தானாக மேல் வகுப்புக்கு உயர்த்தச் சம்மதமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடுங்கள். மேல் வகுப்பில் காலி இருந்தால் சார்ட் போடும்போது கணினியே உயர்த்தும், ஒரு பைசா கூடுதல் இல்லை. அப்படி உயர்ந்த டிக்கெட்டை ரத்து செய்ய நேர்ந்தாலும் நீங்கள் எடுத்த பழைய வகுப்பின் கட்டணப்படிதான் பிடிப்பார்கள். இதை எதிர்பார்த்துப் பயணத்தைத் திட்டமிட முடியாது. கீழ்ப் படுக்கை கட்டாயம் தேவைப்படும் முதியவர் இருந்தால் டிக் போடாமலும் விடலாம். உயர்ந்த வகுப்பில் எந்தப் படுக்கை வரும் என்று சொல்ல முடியாது.

வண்டியில் ஏறிய பிறகு மாற நினைத்தால் நீங்களாகப் போய் ஏசி பெட்டியில் உட்கார வேண்டாம். முதலில் டிக்கெட் பரிசோதகரைப் பார்த்துக் கேளுங்கள். காலி இருந்தால் கட்டண வித்தியாசத்தையும் முன்பதிவுக் கட்டணத்தையும் வாங்கிக்கொண்டு ரசீது போட்டு இடம் கொடுப்பார். ரசீது இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கைக்குழந்தையோடு போகிறவர்கள், காய்ச்சலோடு திரும்பி வருகிறவர்களுக்கு இந்த வழி உண்மையிலேயே பயன்படும். ஆன்லைனில் ஸ்லீப்பரை ரத்து செய்து ஏசி எடுப்பதைவிடக் குறைவாகவே ஆகும்.

வெயிட்டிங் லிஸ்ட், தட்கல்

வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டை ரத்து செய்தாலும், சார்ட் போட்டபின் தானாக ரத்தானாலும் ஆளுக்கு 60 ரூபாய் எழுத்துக்கூலி பிடிக்கிறார்கள். உறுதியான டிக்கெட்டை ரத்து செய்கிறவருக்குக் கட்டணம் வைப்பதில் ஒரு நியாயம் சொல்லலாம்: ஒரு படுக்கையை அவர் இத்தனை நாள் பிடித்து வைத்திருந்தார். வெயிட்டிங் லிஸ்ட்காரர் எந்தப் படுக்கையையும் பிடித்து வைக்கவில்லை, அவர் பணம்தான் அறுபது நாள் வரை ரயில்வேயிடம் இருந்தது. இடமும் கொடுக்காமல் 60 ரூபாயும் எடுப்பது தவறு.

ஒரே பிஎன்ஆரில் சிலருக்கு உறுதியாகி சிலருக்கு வெயிட்டிங் என்று நின்றால் ஒரு விதி உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது, பலருக்கு இது தெரியாது. மொத்த டிக்கெட்டையும் வண்டி புறப்பட அரை மணி நேரம் வரைக்கும் ரத்து செய்தால், உறுதியானவர்களுக்கும் எழுத்துக்கூலி மட்டும்தான் பிடிப்பார்கள். நான்கில் இருவர் உறுதியாகி, சேர்ந்து போக முடியாமல் பயணத்தையே விடுகிற குடும்பம் உறுதியானவர்கள் பெயரை மட்டும் தனியாக ரத்து செய்து நஷ்டப்பட வேண்டாம்.

விகல்ப் என்ற வசதியில் வெயிட்டிங் லிஸ்ட்காரர்களுக்கு வேறு வண்டியில் கூடுதல் கட்டணம் இல்லாமல் இடம் கொடுக்கிறார்கள். ஆனால் ஏறும் நிலையம் பக்கத்து நிலையமாக மாறக்கூடும், நேரமும் மாறும். மாற்று வண்டியில் இடம் ஒதுக்கிய பிறகு போகவில்லை என்றால் உறுதியான டிக்கெட்டின் ரத்துக் கணக்கு வந்துவிடும். சார்ட் போட்ட உடனே பிஎன்ஆரைப் பார்க்க முடிந்தவர்கள் மட்டும் இதைத் தேர்ந்தெடுங்கள்.

உறுதியான தட்கல் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒன்றும் கிடைக்காது. தட்கல் முன்பதிவு முந்தின நாள் காலை 10 மணிக்கு ஏசிக்கும், 11 மணிக்கு மற்றவற்றுக்கும் திறக்கும். ஸ்லீப்பருக்கு 100 முதல் 200 ரூபாய், தேர்டு ஏசிக்கு 300 முதல் 400 ரூபாய் வரை கூடுதல். 2025 ஜூலை முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில்தான் ஆன்லைன் தட்கல் எடுக்க முடியும், ஓடிபியும் கேட்கும். பழைய டிக்கெட்டை ரத்து செய்துவிட்டுத் தட்கலுக்கு உட்காராதீர்கள். தட்கல் உறுதியாகிக் கைக்கு வந்த பிறகு பழையதை ரத்து செய்யுங்கள். தேதியைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இந்த வரிசை ஒத்துவராது, ஏனென்றால் பழைய வண்டி பெரும்பாலும் அதற்குள் போய்விடும். தேதியை முன்னால் இழுக்கிறவர்கள் கட்டாயம் இதைக் கடைப்பிடிக்கலாம்.

கடையில் எடுத்த டிக்கெட்

ஏஜென்ட் கடையில் எடுத்தால் ரத்துப் பணம் அந்தக் கடையின் கணக்குக்குத்தான் போகும், அங்கிருந்து உங்களுக்கு வர வேண்டும். எனவே எடுக்கும்போதே டிக்கெட் தாளை அச்சடித்து வாங்குங்கள். அதில் ரயில்வே கட்டணம், வசதிக் கட்டணம், கடையின் சேவைக் கட்டணம் எல்லாம் தனித்தனியாக இருக்கும். உங்கள் செல்போன் எண்ணையே பதிவு செய்யச் சொல்லுங்கள், ரத்துச் செய்தியும் ஓடிபியும் உங்களுக்கே வரும். தன் சொந்தப் பயனர் கணக்கில் ஊருக்கெல்லாம் டிக்கெட் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குகிறவர்களிடம் எடுக்க வேண்டாம். ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவில் அது குற்றம். பிடிபட்டால் அந்தக் கணக்கில் எடுத்த உங்கள் டிக்கெட்டும் சிக்கிக்கொள்ளலாம்.

ரயில்வே தவறினால்

இதுவரை சொன்னது நம் பக்கம் மாறும்போது. வண்டியே ரத்தானால் முழுப் பணமும் திரும்ப வரும். ஆன்லைன் டிக்கெட்டுக்குத் தானாக வரும், கவுண்டர் டிக்கெட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். நீங்கள் ஏறும் நிலையத்துக்கு வண்டி மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வந்து, நீங்கள் போகாமல் விட்டால் ரத்துக் கட்டணம் இல்லாமல் முழுப் பணமும் உண்டு. ஆன்லைன் டிக்கெட் என்றால் வண்டி உங்கள் நிலையத்திலிருந்து உண்மையில் புறப்படும் முன் டிடிஆர் மனுவைப் போட்டுவிட வேண்டும். மழைக்காலத்தில் பாதையில் மண் சரிந்து வண்டிகள் நிற்கும்போது பலர் வீட்டுக்குத் திரும்பிய பிறகு நிதானமாக மனு போடுகிறார்கள், பணத்தை இழக்கிறார்கள். பிளாட்பாரத்தில் நிற்கும்போதே போடுங்கள். தாமத நேரம் தெரியும்படி செயலியின் திரையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஏசி பெட்டிக்குப் பதில் சாதாரணப் பெட்டி இணைத்து அதில் போக நேர்ந்தாலோ, வழியில் ஏசி வேலை செய்யாவிட்டாலோ, இறங்கும் முன் டிக்கெட் பரிசோதகரிடம் சான்று எழுதி வாங்குங்கள். அந்தத் தாள் இல்லாமல் கட்டண வித்தியாசத்தைக் கேட்டு வாங்குவது மிகவும் கடினம்.